ஆறு நாட்களில் ஐந்து வெற்றிகள்

கேள்வி: கனடாவிலிருந்து வந்திருந்த என் மருமகன், அந்தக் காலத்து அமெரிக்கக் கல்லூரி அணியொன்று ஆறே நாட்களில் ஐந்து ஆட்டங்களை வென்றதாகவும், அந்தப் பருவம் முழுவதும் தோற்கவேயில்லை என்றும் சொன்னார். எங்கள் கழகப் பிள்ளைகள் ஓர் ஆட்டம் ஆடினாலே இரண்டு நாள் நொண்டுகிறார்கள். இது நடந்திருக்குமா?
– வாசகர், கரவெட்டி

பதில்: நடந்ததுதான். ஆனால் மருமகன் சொன்ன ஆட்டம் நம்முடைய உதைபந்தாட்டம் அன்று. முட்டை வடிவப் பந்தைக் கையில் அணைத்துக்கொண்டு ஓடுகிற, றகரின் (ரக்பியின்) வழிவந்த அமெரிக்கக் கால்பந்தாட்டம். 'கல்லூரி' என்பதும் யாழ்ப்பாணத்தில் போலப் பாடசாலையைக் குறிக்கவில்லை.

அந்த அணி டெனசி மாநிலத்தில் மலைமேல் இருக்கும் செவானி என்ற சிறிய பல்கலைக்கழகத்தின் அணி; ஆண்டு 1899. வழக்கமான எதிரியான வாண்டர்பில்ட்டுடன் நுழைவுப் பணத்தைப் பங்கிடுவதில் பிணக்கு ஏற்பட்டு அந்த ஆட்டம் கைவிடப்படவே, இழந்த வருமானத்தை ஈடுசெய்ய அணியின் மாணவ முகாமையாளர் லூக் லீ (பின்னாளில் செனற்சபை உறுப்பினரானவர்) இந்த நெடும் பயணத்தை ஏற்பாடு செய்தார். நொவெம்பர் 9இல் ஒஸ்ரினில் டெக்சாஸை 12–0, மறுநாள் ஹூஸ்ரனில் டெக்சாஸ் ஏ அன்ட் எம்மை 10–0, அதற்கு மறுநாள் நியூ ஓர்லியன்ஸில் துலேனை 23–0 என வென்று, ஞாயிறன்று மட்டும் ஓய்ந்து, 13ஆம் திகதி லூசியானா மாநிலப் பல்கலைக்கழகத்தை 34–0, 14ஆம் திகதி மெம்பிசில் மிசிசிப்பியை 12–0 என வீழ்த்தினார்கள். ஒருவரும் அவர்களுக்கு எதிராக ஒரு புள்ளிகூடப் பெறவில்லை. ரயிலிலேயே உறங்கி அவர்கள் கடந்த தொலைவு ஏறத்தாழ 4,000 கிலோமீற்றர். நாம் கொழும்புக்கு ஐந்து தடவை போய்த் திரும்புவதற்குச் சமம். அந்நிய ஊர்த் தண்ணீர் வயிற்றைக் கெடுக்கும் என்று தங்கள் ஊற்று நீரைப் பீப்பாய்களில் ஏற்றிக்கொண்டும் போனார்கள். நல்ல தண்ணீர்க் கிணற்றைத் தேடி நடந்த நமக்கு அது வேடிக்கையாகத் தோன்றாது.

நொண்டலைப் பற்றிக் கேட்டீர்கள். அன்று அது இன்றையதைவிடக் கடுமையான ஆட்டம்: பந்தை முன்னோக்கி எறிவது 1906 வரை அனுமதிக்கப்படாததால் உடலோடு உடல் மோதித்தான் முன்னேற வேண்டும், வெளியேறியவர் அதே ஆட்டத்தில் திரும்ப வரவும் முடியாது.

என் கணிப்பில் அந்தப் பருவத்தின் உண்மையான சோதனை இந்த ஐந்தும் அல்ல, நொவெம்பர் 30இல் ஓபர்னுடன் நடந்த ஆட்டமே. ஜோன் ஹைஸ்மன் பயிற்றுவித்த அந்த அணியைச் செவானி 11–10 என்றுதான் வென்றது. எல்லைக்கோட்டைக் கடந்தால் 5 புள்ளிகள், அதையடுத்த உதை சரியாகச் சென்றால் மேலும் 1 என்பது அன்றைய கணக்கு. ஆகவே ஒற்றை உதையின் பெறுமதிதான் இடைவெளி. 12 ஆட்டங்களிலும் செவானி பெற்றவை 322 புள்ளிகள். கொடுத்தவை இந்தப் பத்து மட்டுமே.

கேள்வி: அப்படியானால் புள்ளியே கொடுக்காத அணி இல்லையா?
– அதே வாசகர்

பதில்: உண்டு. 1901ஆம் ஆண்டு மிச்சிகன் அணி 11 ஆட்டங்களில் 550–0. இறுதியாக 1902 ஜனவரி 1இல் கலிபோர்னியாவின் பசடீனா நகரப் புத்தாண்டு விழாவில் ஸ்ரான்போர்டை 49–0 என்று வென்றபோது, நேரம் முடியுமுன்பே தோற்றவர்கள் ஆட்டத்தை நிறுத்தக் கேட்டுக்கொண்டார்கள். அந்த விழாவில் இவ்விளையாட்டு மீண்டும் இடம்பெற 1916 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று.