பெற்றோர் கடலூரில், பிள்ளைகள் அமெரிக்காவில்: நடுவில் யார் என்ன செய்ய வேண்டும்?

கேள்வி: அண்ணனும் அண்ணியும் அமெரிக்காவிலிருந்து திருப்பி அனுப்பப்பட்டு கடலூர் வந்துவிட்டார்கள். அங்கே பிறந்த 7 வயது, 3 வயதுப் பிள்ளைகள் நண்பர் வீட்டில் இருக்கிறார்கள். என்ன செய்யலாம்?

அந்த 'நண்பர் வீடு' ஒரு காலத்தில் எங்கள் வீடாக இருந்தது. நாங்கள் இப்போது இருப்பது முத்தியால்பேட்டையில், அப்போது நியூ ஜெர்சியில். இதேபோல் திருப்பி அனுப்பப்பட்ட கடலூர் தேவனாம்பட்டினத்துக்காரர் ஒருவரின் இரண்டு பெண் பிள்ளைகள் நான்கு மாதம் எங்களோடு இருந்தார்கள்.

முதலில் காகிதம். பார்த்துக்கொள்ளும் நண்பர் பெயருக்கு, பள்ளிக்கும் வைத்தியத்துக்கும் சேர்த்து, பெற்றோர் இருவரும் நோட்டரி சான்றுறுதியோடு அதிகாரக் கடிதம் தர வேண்டும். எங்கள் கையில் இருந்தது வெறும் வாட்ஸ்அப் செய்திதான். சின்னவளுக்குக் காதுவலி வந்த ராத்திரி, மருத்துவமனையில் "நீங்க இவளுக்கு யாரு?" என்று கேட்டபோது வாயில் பதில் வரவில்லை.

பிள்ளைகள் அங்கே பிறந்ததால் அமெரிக்கக் குடிமக்கள். அதனால்தான் இங்கே வர அமெரிக்க பாஸ்போர்ட்டும், கூடவே இந்திய விசா அல்லது ஓசிஐ (வெளிநாட்டுக் குடியுரிமை உள்ள இந்திய வம்சாவளியினருக்கான) அட்டையும் வேண்டும். பெற்றோரில் ஒருவர் இந்தியக் குடிமகனாக இருந்தாலே ஓசிஐக்கு விண்ணப்பிக்கலாம். 16 வயதுக்குக் கீழே என்றால் பாஸ்போர்ட்டுக்குத் தாய், தகப்பன் இருவர் சம்மதமும் தேவை. நேரில் போக முடியாதவர்களுக்கு டிஎஸ் 3053 என்றொரு படிவம் இருக்கிறது. அண்ணனும் அண்ணியும் சென்னை ஜெமினி பாலத்துப் பக்கம் இருக்கும் அமெரிக்கத் துணைத் தூதரகத்தில் முன்பதிவு செய்து, அதிகாரி முன் கையெழுத்துப் போடலாம்.

பிள்ளைகள் அரசுப் பராமரிப்புக்குள் போய்விட்டால் கணக்கே வேறு. அமெரிக்காவின் 1997-ஆம் வருடத்துச் சட்டப்படி, கடைசி 22 மாதத்தில் 15 மாதம் ஒரு பிள்ளை அப்படி இருந்தால், பெற்றோர் உரிமையை நீக்கக் கோரி மாநிலமே நீதிமன்றம் போக வேண்டும். விதிவிலக்குகள் உண்டு, ஆனால் அதை நம்பிச் சும்மா இருக்காதீர்கள். அங்கே ஒரு குடும்ப வழக்கறிஞரை இப்போதே பிடித்து வையுங்கள்.

இனி பிள்ளைகள். நான் செய்த பெரிய தப்பு, "அப்பா அம்மா ஊருக்கு லீவுக்குப் போயிருக்காங்க" என்று சொன்னது. பெரியவள் பள்ளியில் யாரோ பேசியதைக் கேட்டுவிட்டு வந்து, "நான் சேட்டை பண்ணதாலயா போலீஸ் வந்துச்சு?" என்றாள். இரண்டு வாரமாக அதை மனசுக்குள்ளேயே வைத்திருந்திருக்கிறாள். ஏழு வயதுக்குப் புரிகிற உண்மையை நண்பர் வழியாக இல்லாமல் அண்ணி வாயாலேயே சொல்லச் சொல்லுங்கள். சின்னது எதுவும் கேட்காது. எங்கள் சின்னவள் தூங்கும்போதும் ஷூவைக் கழற்ற மாட்டாள்.

போனுக்கு ஒரே நேரம் வையுங்கள். எங்களுக்குக் காலை ஏழரை, கடலூரில் சாயங்காலம் ஐந்து. அம்மா சில்வர் பீச்சில் நின்று போனைக் கடல் பக்கம் திருப்புவார். பெரியவள் அலையை எண்ணுவாள், சின்னவள் முகத்தைத் திருப்பிக்கொள்வாள். 'பேசு, பேசு' என்று வற்புறுத்தாமல் விட்டபிறகுதான் அவளாகவே திரைக்குள் எட்டிப் பார்த்தாள். அழைப்பு தவறினால் மட்டும் அன்றைக்கு முழுக்கச் சோறு இறங்காது.

கடைசியில் நானே இருவரையும் கூட்டிக்கொண்டு வந்தேன். சென்னை விமான நிலையத்தில் அம்மா கையை நீட்ட, சின்னவள் என் புடவைக்குப் பின்னால் ஒளிந்துகொண்டாள். அந்தம்மா முகத்தைப் பார்க்க முடியவில்லை. அதனால் பத்து நாள் கடலூரிலேயே தங்கினேன். முதலில் நான் ஊட்ட அம்மா பக்கத்தில் உட்காருவார், பிறகு அம்மா பிசைய நான் ஊட்டுவேன், எட்டாம் நாள் எனக்கு அங்கே வேலையே இல்லை. கூட்டிவரும் நண்பரால் முடிந்தால் அவரையும் சில நாள் வீட்டில் தங்கவையுங்கள்.

சொந்தக்காரர்கள் பிள்ளைகள் முன்னாலேயே "எதுக்குத் துரத்திவிட்டாங்களாம்?" என்று விசாரிப்பார்கள். அவர்களுக்கு வாசலிலேயே காபி கொடுத்து அனுப்பிவிடுங்கள். உங்கள் அண்ணனின் மூத்த பிள்ளைக்குத் தமிழ் எழுத்து வராது, வகுப்பில் ஒரு வருடம் இறக்கிப் போடச் சொன்னாலும் அண்ணன் கோபப்பட வேண்டாம்.