ஓட்டல் பில்லைப் பங்கிடும் கணக்கு: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: அலுவலகத்தில் நாங்கள் நால்வர் மாதம் ஒருமுறை சேர்ந்து மதிய உணவுக்குப் போகிறோம். நான் சைவம், மற்ற மூவரும் அசைவம். பில் எவ்வளவு வந்தாலும் நான்காகப் பிரித்துவிடுகிறார்கள். இதைப் பற்றிப் பேசினால் கணக்குப் பார்ப்பவள் என்று பெயர் வந்துவிடுமோ எனத் தயங்குகிறேன். (வாசகி, சென்னை)

பதில்: தயக்கத்தை ஒதுக்கி வைத்துவிட்டு முதலில் எண்களை எழுதிப் பார்ப்போம். மற்ற மூவரும் ஆளுக்கு ரூ.420 விலையில் மட்டன் பிரியாணி சாப்பிட்டு, ரூ.600-க்கு மீன் வறுவலைத் தங்களுக்குள் பகிர்ந்துகொண்டார்கள் என்றும், அவர்களில் ஒருவர் ரூ.120-க்கு ஜூஸ் குடித்தார் என்றும், நீங்கள் ரூ.180-க்குச் சைவச் சாப்பாடு வாங்கினீர்கள் என்றும், ரூ.240-க்கு வந்த கோபி 65 மட்டும் நால்வருக்கும் பொது என்றும் வைத்துக்கொள்வோம். மொத்தம் ரூ.2,400. இதற்கு 5 சதவீத ஜி.எஸ்.டி. ரூ.120, சர்வருக்கு 10 சதவீத டிப்ஸ் ரூ.240 சேர்த்தால் ரூ.2,760 ஆகிறது. சமமாகப் பிரித்தால் ஆளுக்கு ரூ.690. ஆனால் நீங்கள் உண்டதோ கோபியில் உங்கள் பங்கான 60 ரூபாயையும் சேர்த்து வெறும் ரூ.240-க்குத்தான்.

நியாயமான முறை எளிதானது. பொதுவாக வாங்கிய பண்டத்தை அதை உண்டவர்களுக்குள் மட்டும் பிரித்து, அவரவர் உணவின் விலையை முதலில் தனியாக எழுதிக்கொள்ள வேண்டும். பிறகு, கையிலிருந்து போகும் மொத்தத் தொகையை உணவின் மொத்த விலையால் வகுத்தால் ஓர் எண் கிடைக்கும். இங்கே 2,760-ஐ 2,400-ஆல் வகுத்தால் 1.15. அந்த எண்ணால் ஒவ்வொருவரின் உணவு விலையையும் பெருக்கினால், வரியும் டிப்ஸும் உரிய விகிதத்தில் தாமாகவே சேர்ந்துவிடும். உங்கள் பங்கு ரூ.276, ஜூஸ் குடித்தவருக்கு ரூ.920, மற்ற இருவருக்கும் தலா ரூ.782, கூட்டினால் சரியாக ரூ.2,760 வரும்.

வரி உணவின் விலைமீது விதிக்கப்படுவதால் அதை விகிதப்படி பிரிப்பதில் விவாதத்துக்கே இடமில்லை. டிப்ஸ் விஷயத்தில், நால்வருக்கும் ஒரே அளவு உழைத்துப் பரிமாறியவருக்கு நால்வரும் சமமாகக் கொடுப்பதே முறை என்று யாராவது சொன்னால் அதையும் ஏற்கலாம். அப்போது உங்கள் பங்கு ரூ.312 ஆகும். இரண்டில் எதுவானாலும் ரூ.690 என்பது பெரும் அநியாயம். எல்லாரும் ஏறக்குறைய ஒரே விலைக்குச் சாப்பிட்ட நாட்களில் சமமாகவே பிரித்துக்கொள்ளுங்கள். ஐந்து பத்து ரூபாய்க்காகக் கணக்குப் போடுவது நட்புக்கு அழகல்ல. மற்ற நாட்களுக்கான பேச்சை, பில் வந்த பிறகு தொடங்காமல், ஆர்டர் கொடுக்கும் முன்பே, "இன்று அவரவர் சாப்பிட்டதற்கு அவரவர் கொடுத்துவிடலாமா?" என்று இயல்பாகக் கேட்டுவிடுங்கள். உங்களைப் போலவே வாய் திறக்கத் தயங்கும் இன்னொருவர் அந்த மேசையிலேயே இருக்கக்கூடும்.

கேள்வி: பில்லில் 10 சதவீதம் சேவைக் கட்டணம் சேர்த்திருந்தார்கள். அதைக் கொடுத்தே ஆக வேண்டுமா? கொடுத்தால் தனியாக டிப்ஸும் வைக்க வேண்டுமா? (வாசகர், கோயம்புத்தூர்)

பதில்: கொடுத்தே ஆக வேண்டும் என்பதில்லை. மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலை 4 அன்று வெளியிட்ட வழிகாட்டுதல்களின்படி, எந்த உணவகமும் சேவைக் கட்டணத்தைத் தானாகவே பில்லில் சேர்க்கக் கூடாது, வேறு பெயரிலும் வசூலிக்கக் கூடாது, அது வாடிக்கையாளரின் விருப்பம் என்பதைத் தெளிவாகச் சொல்லவும் வேண்டும். உணவக உரிமையாளர் சங்கங்கள் இதை எதிர்த்துத் தொடுத்த வழக்குகளைத் தில்லி உயர் நீதிமன்றம் 2025 மார்ச் 28 அன்று தள்ளுபடி செய்து, வழிகாட்டுதல்கள் செல்லும் என்று தீர்ப்பளித்தது; சங்கங்கள் மேல்முறையீடும் செய்தன.

அந்தக் கட்டணத்தை நீக்கச் சொல்லும்போது அதன்மீது போட்ட ஜி.எஸ்.டி.யையும் கவனியுங்கள். ரூ.1,000 உணவுக்கு ரூ.100 சேவைக் கட்டணம் சேர்த்து, ரூ.1,100-க்கு 5 சதவீத வரி போட்டிருந்தால், திருத்திய பில்லில் குறைய வேண்டியது ரூ.105. கேட்பதைக் கல்லாவில் இருப்பவரிடமோ மேலாளரிடமோ கேளுங்கள். பரிமாறியவருக்கு இந்த முடிவில் பங்கில்லை, அவரிடம் குரல் உயர்த்துவது நியாயமும் அல்ல. மறுத்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் செய்யலாம். கட்டணத்தை மனமுவந்து கொடுத்துவிட்டீர்களானால் தனி டிப்ஸ் தேவையில்லை. ஆனால் அந்தக் கட்டணம் பரிமாறியவர் கைக்குப் போய்ச் சேரும் என்பதற்கு உத்தரவாதம் இல்லாததால், நான் அதை நீக்கச் சொல்லிவிட்டு அதே தொகையைச் சர்வரிடம் நேரில் கொடுப்பதையே விரும்புவேன்.

கேள்வி: நண்பர் ஒருவரின் செயலியில் 20 சதவீதத் தள்ளுபடி கிடைத்தது. அது அவருக்கு மட்டும் உரியதா? (வாசகர், திருச்சி)

பதில்: பில்லிலேயே கழிக்கப்பட்ட தள்ளுபடி, மேசையில் இருந்த எல்லாருக்கும் உரியது, பிறகு அவர் கணக்கில் வரவாகும் கேஷ்பேக்கும் கார்டு புள்ளிகளும் அவருக்கு உரியவை. இங்கும் முன் சொன்ன கணக்கே உதவும். ரூ.2,000 உணவில் ரூ.400 கழிந்து, மீதி ரூ.1,600-க்கு ரூ.80 வரி சேர்ந்தால் ரூ.1,680. டிப்ஸைத் தள்ளுபடிக்கு முந்தைய விலைக்கே கணக்கிடுங்கள், ஏனெனில் சர்வர் சுமந்து வந்த தட்டுகள் குறையவில்லை. ரூ.200 டிப்ஸுடன் ரூ.1,880, அதை 2,000-ஆல் வகுத்தால் 0.94. அவரவர் உணவு விலையில் ரூபாய்க்கு 94 காசு கொடுத்தால் போதும்.

கேள்வி: டெக்சாஸில் இருக்கும் மகளைப் பார்க்கப் போகிறோம். அங்கே 20 சதவீதம் டிப்ஸ் வைக்க வேண்டும் என்கிறாள். இவ்வளவு எதற்கு? (வாசகர், மதுரை)

பதில்: உங்கள் மகள் சொல்வதைக் கேளுங்கள். நம் ஊரில் டிப்ஸ் என்பது சம்பளத்துக்கு மேல் கிடைக்கும் அன்பளிப்பு. அங்கே அதுவே சம்பளத்தின் பெரும் பகுதி. அமெரிக்கக் கூட்டாட்சிச் சட்டப்படி, டிப்ஸ் பெறும் ஊழியருக்கு முதலாளி நேரடியாகத் தர வேண்டிய குறைந்தபட்சக் கூலி 1991 முதல் மணிக்கு 2.13 டாலராகவே இருக்கிறது. டெக்சாஸும் இதையே பின்பற்றுகிறது. டிப்ஸும் சேர்ந்து 7.25 டாலரை எட்டாவிட்டால்தான் மீதியை முதலாளி ஈடுகட்ட வேண்டும். எனவே, மேசைக்கு வந்து பரிமாறும் உணவகங்களில் வரிக்கு முந்தைய தொகையில் 15 முதல் 20 சதவீதம் வைப்பது வழக்கம். விற்பனை வரி 8.25 சதவீதமாக உள்ள ஊர்களில், பில்லில் உள்ள வரியை இரட்டிப்பாக்கினால் 16.5 சதவீதம் கிடைத்துவிடும். ஆறேழு பேராகப் போனால் டிப்ஸை அவர்களே பில்லில் சேர்த்திருக்கக்கூடும் என்பதால், கையெழுத்திடும் முன் வரிவரியாகப் படித்துப் பாருங்கள்.

கேள்வி: சிறிய மெஸ்களிலும் 10 சதவீதம் வைக்க வேண்டுமா? ஜிபேயில் கொடுத்தால் சர்வருக்குப் போகுமா? (வாசகி, தஞ்சாவூர்)

பதில்: நம் ஊரில் கட்டாயம் எதுவும் இல்லை. மெஸ்ஸிலும் டிபன் கடையிலும் பத்து, இருபது ரூபாய் வைத்தாலே மகிழ்ச்சியோடு வாங்கிக்கொள்வார்கள். டோக்கன் வாங்கி நாமே எடுத்துக்கொள்ளும் கடைகளில் அதுவும் தேவையில்லை. கல்லாவில் ஒட்டியிருக்கும் கியூஆர் குறியீட்டில் கூடுதலாகச் செலுத்தும் பணம் கடையின் கணக்குக்குத்தான் போகும். ஆகவே பில்லுக்கு மட்டும் ஜிபே செய்துவிட்டு, டிப்ஸுக்கென்று சில பத்து ரூபாய் நோட்டுகளைப் பையில் வைத்துக்கொள்ளுங்கள். அதில் ஒன்றை, நீங்கள் எழுந்த பிறகு மேசை துடைக்க வருகிறவரின் கையிலும் கொடுங்கள்.