நந்தனம் மைதானத்துக்குள் ஒரு கல்லூரி இருக்கிறது

அம்மா, உங்கள் மகள் பிளஸ் டூ முடித்துவிட்டாள், பள்ளி வாலிபால் அணியில் ஆடுகிறாள், உடற்கல்வி படிக்க வேண்டும் என்கிறாள். உங்கள் தம்பியோ கம்ப்யூட்டர் சயின்ஸ்தான் என்று ஒற்றைக்காலில் நிற்கிறார். நிர்வாக ஒதுக்கீட்டில் இடம் பேசியாயிற்று, முன்பணம்தான் பாக்கி, ராத்திரியில் தூக்கம் வரவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். உங்கள் கவலை நியாயமானது. ஆனால் நான் ஆறுதல் சொல்லி அனுப்பினால் அடுத்த வாரம் அந்தப் பணம் கைமாறிவிடும். அதனால் நேராகவே சொல்கிறேன்: கட்டாதீர்கள்.

கணக்குப் பாடத்தில் தட்டுத்தடுமாறித் தேறியவள், இனி அந்தப் புத்தகத்தைத் தொடமாட்டேன் என்று உங்களிடமே சொல்லியிருக்கிறாள். அவளை நான்கு வருடம் பொறியியலில் உட்கார வைக்க நகையை அடகு வைக்கப் போகிறீர்கள். கல்விக் கட்டணம், விடுதி, வட்டி மூன்றையும் ஒரே தாளில் எழுதிக் கூட்டுங்கள். வரும் தொகையை உங்கள் தம்பியிடம் காட்டுங்கள். யோசனை அவருடையது, தவணை உங்களுடையது.

நர்சிங், பி.காம்., வங்கித் தேர்வு பற்றியெல்லாம் தெருவில் நான்கு பேர் சொல்வார்கள். யாரும் சொல்லாத ஓர் இடத்தைப் பற்றி நான் சொல்கிறேன்.

சென்னைப் புத்தகக் கண்காட்சிக்கு வந்த யாருக்கும் ஒய்.எம்.சி.ஏ. என்ற கிறிஸ்தவ இளைஞர் சங்கத்தின் நந்தனம் மைதானம் தெரியும். அது ஒரு கல்லூரியின் மைதானம் என்பது பலருக்குத் தெரியாது. அமெரிக்காவிலிருந்து வந்த ஹாரி க்ரோ பக் 1920-ல் தொடங்கிய உடற்கல்விக் கல்லூரி அது, நாட்டின் மிகப் பழைய உடற்கல்விக் கல்லூரிகளில் ஒன்று. 1924 பாரிஸ் ஒலிம்பிக்குக்குப் போன இந்திய அணிக்குப் பயிற்சியாளராக இருந்தவர் அவர். உங்கள் மகள் ஆடும் வாலிபால் இந்தியாவுக்கு வந்ததே ஒய்.எம்.சி.ஏ. வழியாகத்தான். 1895-ல் அமெரிக்காவில் அந்த ஆட்டத்தை உருவாக்கிய வில்லியம் மார்கனும் ஒய்.எம்.சி.ஏ.காரர்தான்.

அடையாற்றங்கரையில் மரங்கள் அடர்ந்த பெரிய வளாகம். ஓடுதளம், கால்பந்து, ஹாக்கி, கிரிக்கெட் மைதானங்கள், கூடைப்பந்து, வாலிபால் ஆடுகளங்கள் எல்லாம் நடக்கும் தூரத்தில். அங்கே மைதானம்தான் வகுப்பறை. வளைவில் வெளிப்பாதை நீளம் என்பதால், 400 மீட்டர் ஓட்டத்தில் முதல் பாதைக்காரரைவிட இரண்டாம் பாதைக்காரர் 7.04 மீட்டர் முன்னால் நிற்க வேண்டும், அடுத்த பாதைகளுக்கு 7.66 மீட்டர் வீதம் கூடும். அதைக் கணக்குப் போட்டு, நாடா பிடித்து, சுண்ணாம்புக் கோடு போட ஒரு உடற்கல்வி மாணவிக்குத் தெரிந்திருக்க வேண்டும். கணக்கை வெறுக்கும் உங்கள் மகள் இந்தக் கணக்கை விரும்பிப் போடுவாள் என்றே நினைக்கிறேன். உடற்கூறியல், உடலியங்கியல், விளையாட்டு உளவியல், நடுவர் பணி, பள்ளிகளில் கற்பித்தல் பயிற்சி என்று படிப்பு விரியும். ஓடியாடிவிட்டு வரும் படிப்பு என்று சொல்பவர்கள் உடலியங்கியல் வினாத்தாளைப் பார்த்ததில்லை.

பிளஸ் டூ முடித்ததும் மூன்று வருட இளநிலைப் பட்டம். பிறகு உடற்கல்வி ஆசிரியர் பட்டமான பி.பி.எட். இரண்டு வருடம், அதன் முதுநிலையான எம்.பி.எட். இரண்டு வருடம். பள்ளி வேலைக்குப் பி.பி.எட். கைகொடுக்கும். கல்லூரியில் உடற்கல்வி இயக்குநராக வேண்டுமென்றால் எம்.பி.எட்.டில் 55 சதவீதம் வேண்டும்; கூடவே கல்லூரி ஆசிரியர் தகுதித் தேர்வுகளான நெட் அல்லது செட் தேர்ச்சியோ பி.எச்டி. பட்டமோ வேண்டும். அதோடு உடல்தகுதித் தேர்வும் உண்டு: 30 வயதுக்குட்பட்ட பெண்கள் 8 நிமிடத்தில் 1000 மீட்டர் கடக்க வேண்டும்.

குறையையும் மறைக்க மாட்டேன். அரசுப் பள்ளிப் பணியிடங்களுக்கான அறிவிப்பு எப்போது வரும் என்று கணிக்க முடியாது. தனியார் பள்ளிகளில் தொடக்கச் சம்பளம் குறைவு. வேறு கல்லூரியைப் பார்ப்பதாக இருந்தால், பி.பி.எட்.டுக்கு என்.சி.டி.இ. என்ற தேசிய ஆசிரியர் கல்விக் குழுவின் அங்கீகாரமும், தமிழ்நாடு உடற்கல்வியியல் மற்றும் விளையாட்டுப் பல்கலைக்கழகத்தின் இணைப்பும் இருக்கின்றனவா என்று பாருங்கள். விளம்பரத்தில் பளபளக்கும் விளையாட்டு வளாகத்தில் மாணவர்கள் உண்மையிலேயே ஆடுகிறார்களா, வாடகைக்கு விட்டிருக்கிறார்களா என்று மாலை ஐந்து மணிக்கு நேரில் போய்ப் பாருங்கள்.

"மைதானத்துக்கு அனுப்பினால் யார் பெண் எடுப்பார்கள்?" என்று உங்கள் நாத்தனார் கேட்டாராம். கிராமத்துப் பள்ளியில் உடற்கல்வி ஆசிரியை இல்லாததால் எத்தனை பெண் குழந்தைகள் ஏழாம் வகுப்போடு விளையாட்டை விடுகிறார்கள் என்று அவருக்குத் தெரியாது. உங்கள் மகளுக்குத் தெரியும். அதை மாற்ற வேண்டும் என்றுதான் அவள் உங்களிடம் சொல்லியிருக்கிறாள். கல்யாணப் பேச்சை இந்த முடிவுக்குள் கொண்டுவரவே கூடாது.

இந்த வாரமே ஒரு வேலைநாளில் அவளோடு நந்தனத்துக்குப் போங்கள். இரண்டாம் வருட மாணவிகளிடம் விடுதி, சாப்பாடு, பாதுகாப்பு பற்றி நீங்களே கேளுங்கள். கட்டண விவரத்தை அலுவலகத்தில் எழுத்தில் வாங்குங்கள். சேர்க்கையில் உடல்திறனையும் ஆட்டத் திறனையும் சோதிப்பார்கள். தேர்வு முடிந்ததிலிருந்து ஓடாமல் இருந்தால் நாளைக் காலையே தொடங்கட்டும். விளையாட்டுச் சான்றிதழ்களில் பெயரும் பிறந்த தேதியும் மதிப்பெண் பட்டியலோடு ஒத்திருக்கின்றனவா என்று சரிபாருங்கள். பிழை இருந்தால் பள்ளி உடற்கல்வி ஆசிரியரிடம் இப்போதே சொல்லித் திருத்தி வாங்கிவிடுங்கள்.