ஒரே மழை, ஒரே உயரம்: நீலகிரியில் ஓரிடம் சோலை, அடுத்தது புல்வெளி ஏன்?

காலநிலைதான் தாவரங்களைத் தீர்மானிக்கிறது என்றால், நீலகிரியில் ஒரே குன்றில் சோலையும் (குட்டையான பசுமைமாறா மலைக்காடு) புல்வெளியும் எப்படி அருகருகே இருக்கின்றன என்று கேட்டிருக்கிறீர்கள். ஒரு வட்டாரத்தின் காலநிலை பெரிய எல்லையை மட்டுமே வகுக்கிறது. அதற்குள் எது எங்கே வளரும் என்பதை நிலத்தை ஒட்டிய சிறுசூழல் முடிவு செய்கிறது.

சுமார் 1,800 மீட்டருக்கு மேல், டிசம்பர் முதல் பிப்ரவரி வரை, தெளிந்த வானமுள்ள இரவுகளில் திறந்த தரை தன் வெப்பத்தை விரைவாக இழப்பதால், விடியலில் புல்நுனிகள் உறைபனியால் வெளுத்துக் கிடக்கும். புல்லின் வளர்முனை தரையை ஒட்டி மறைந்திருப்பதால் அது பிழைத்துக்கொள்ளும். சோலை மரங்களின் நாற்றுகளோ பெரும்பாலும் கருகிவிடும். மலைமடிப்புகளில் ஈரமும் ஆழமான மண்ணும் உண்டு. மரக்கவிகை, அதாவது மரங்களின் கிளைகளும் இலைகளும் சேர்ந்த கூரை, வெப்பத்தைத் தேக்குவதால் நாற்றுகளும் தப்பிக்கின்றன. குளிர்காற்று வழிந்து தேங்கும் பள்ளத்தின் அடியில் பெரும்பாலும் சதுப்புப் புல்லே இருப்பதற்கும் இதே உறைபனி ஒரு காரணம். விதிவிலக்காக, சிவப்புப் பூக்கும் காட்டுப்பூவரசு பனியையும் தீயையும் தாங்கிப் புல்வெளியில் தனித்து நிற்கும்.

இப்புல்வெளிகள் காடழிந்து உருவானவை என்ற கருத்து தவறானது என்பேன். சதுப்புகளின் கரிமப் படிவுகள் இங்கே 20,000 ஆண்டுகளுக்கு முன்பே புல் இருந்ததைக் காட்டுகின்றன.