அடியில் படுத்துப் பாருங்கள்: பழைய ஸ்போர்ட்ஸ் கார் கேள்வி-பதில்

ஸ்டாண்டர்ட் ஹெரால்டு என்ற பழைய கார் பற்றி எழுதினாலும் எழுதினேன், கேள்விகள் குவிந்துவிட்டன. ஒரே விஷயத்தை நாலு பேர் கேட்டிருந்தால் ஒன்றாகச் சேர்த்துவிட்டேன்.

1967 ஸ்டாண்டர்ட் ஹெரால்டு, இரண்டு கதவு, ஒன்றரை லட்சம் சொல்கிறார்கள். எஞ்சின் ஜாம். இறங்கலாமா அண்ணாச்சி? (வள்ளியூர்)

எஞ்சின் ஜாம் என்பதற்காக வண்டியை விட்டுவிடாதீர்கள். 948 சிசி, நாலு சிலிண்டர், போரிங் போட்டு ஓவர்சைஸ் பிஸ்டன் ஏற்றத் தெரிந்த லேத்காரர்கள் நம் பக்கம் இன்னும் இருக்கிறார்கள். பார்க்க வேண்டியது சேசிஸ், அதாவது அடியில் வண்டியைத் தாங்கும் இரும்புச் சட்டம். ஹெரால்டில் சேசிஸ் தனி, பாடி தனி. சேசிஸிலிருந்து பக்கவாட்டில் நீளும் கைகள்தான் பாடியின் ஓரத்தைத் தாங்குகின்றன, துரு முதலில் பிடிப்பதும் அங்கேதான். ஒரு பாயை விரித்து அடியில் படுத்து ஸ்க்ரூ டிரைவரால் குத்திப் பாருங்கள். உள்ளே இறங்கினால் விலையில் பாதியைக் குறைத்துப் பேசலாம்.

அப்புறம் முன் சக்கரத்து டிரன்னியன், அதாவது சக்கரத்தைத் தாங்கும் தண்டின் கீழ் முனை மரையோடு உட்கார்ந்து திரும்புகிற மூட்டு. டிரையம்ப் ஸ்பிட்ஃபயர் என்ற ஸ்போர்ட்ஸ் காரிலும் இதே அமைப்புதான். இதற்கு கிரீஸ் கூடாது, 90 கியர் ஆயில்தான் ஏற்ற வேண்டும். பட்டறைகளில் எல்லா நிப்பிளிலும் கிரீஸ் கன்னை வைத்து அழுத்தியே பழகிவிட்டார்கள். கிரீஸ் உள்ளே இறுகிப் போகிறது, ஈரம் புகுந்து தண்டின் மரை துருப்பிடிக்கிறது, பிறகு ஒரு நாள் வளைவில் திருப்பும்போது தண்டு முறிந்து சக்கரம் மடங்கிவிடும். வாங்கினால் முதல் வேலையாக அதைக் கழற்றிப் பாருங்கள், அதுவரை ஓட்டவே வேண்டாம்.

பழைய ஸ்போர்ட்ஸ் கார் வாங்கலாமா, வேண்டாமா? (ஊர் எழுதவில்லை)

என்ன வண்டி, என்ன வருஷம், என்ன விலை, ஆர்சி யார் பெயரில் இருக்கிறது? நாலையும் எழுதி அனுப்புங்கள்.

படம் அனுப்பியிருக்கிறேன். சிவப்பு கலர், ஓப்பன் டாப், ஸ்போர்ட்ஸ் மாடல், புது பெயிண்ட். மூன்றே கால் லட்சம் பெறுமா? (தூத்துக்குடி)

தம்பி, நாலு படம் அனுப்பியிருக்கிறீர்கள், நாலும் ஒரே பக்கத்திலிருந்து எடுத்தது, அடிப்பக்கம் ஒன்றுகூட இல்லை. ஆனாலும் கண்ணாடிச் சட்டத்தையும் முன் கதவையும் பார்த்ததுமே தெரிந்துவிட்டது. இது ஸ்போர்ட்ஸ் மாடல் இல்லை. பிரீமியர் பத்மினியின் கூரையை அறுத்து, பின் கதவுகளை வெல்டு வைத்து மூடி, சிவப்பு அடித்திருக்கிறார்கள். இந்த வேலையைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு வயிறு எரிகிறது. ஒரு நல்ல குடும்ப வண்டியும் போயிற்று, ஸ்போர்ட்ஸ் காரும் கிடைக்கவில்லை.

பத்மினிக்குத் தனி சேசிஸ் கிடையாது. தரை, கதவுக்குக் கீழே ஓடும் சில், தூண்கள், கூரை எல்லாம் சேர்ந்த ஒரே பெட்டிதான் எடையைத் தாங்குகிறது. கூரையை அறுத்தால் அந்தச் சுமை முழுவதும் சில் மேல் இறங்கும். கம்பெனியே ஓப்பன் காராகச் செய்யும்போது அடியில் கனமான தகடு சேர்த்துப் பலப்படுத்துவார்கள், பட்டறையில் அறுப்பவர்கள் அதைச் செய்து நான் பார்த்ததில்லை. ஜாக்கி போட்டு ஒரு பக்கத்தைத் தூக்கிக் கதவைத் திறந்து மூடிப் பாருங்கள். கதவு இடித்தாலோ, மேலே இடைவெளி சுருங்கினாலோ வண்டி நடுவில் தொய்கிறது என்று அர்த்தம். (ஹெரால்டு கன்வெர்டிபிள் அப்படித் தொய்யாமல் நிற்பது அடியில் தனி சேசிஸ் இருப்பதால்தான்.)

1998-ல் திருச்செந்தூர் பக்கம் இப்படி ஒன்றை நானே வாங்கினேன், பச்சைக் கலர், அன்றைக்குத்தான் அடித்த மாதிரி மினுமினுப்பு. மூன்று மாசத்தில் டிரைவர் கதவுக்குக் கீழே கடுகளவு கொப்பளம் கிளம்பியது. நகத்தால் நெருடினேன், உள்ளங்கை அகலத்துக்குப் பெயின்ட் பெயர்ந்தது. அடியில் அரை அங்குலப் பட்டி (பள்ளத்தையும் ஓட்டையையும் மறைக்கப் பூசும் பசை), பட்டிக்கு அடியில் சுருட்டி அடைத்த தினசரிப் பேப்பர், அதற்கு அடியில் தகரமே இல்லை, விரல் அப்படியே உள்ளே போனது. விற்றவருக்குத் தெரிந்திருந்தது, பெயின்ட் அடித்த பட்டறைக்காரருக்கும் தெரிந்திருந்தது. அந்த வண்டியில் என் மனைவியையும் கைக்குழந்தையையும் ஏற்றிக்கொண்டு நாங்குநேரி வரை போய் வந்திருக்கிறேன், இதை நினைத்தால் இன்றைக்கும் கை நடுங்குகிறது.

உங்கள் ஊரில் உப்பளக் காற்று, துரு இன்னும் வேகமாகப் பிடிக்கும். விற்கப் போகிற நேரத்தில் அடிக்கிற பெயின்ட் பெரும்பாலும் மூடி மறைக்கத்தான். சின்னக் காந்தம் ஒன்றை மெல்லிய துணியில் சுற்றி சில், வீல் ஆர்ச், கதவின் கீழ் ஓரம் எல்லாம் ஓட்டிப் பாருங்கள். பிடிக்காத இடம் பட்டி. விரல் முட்டியால் தட்டினாலும் தகரம் கணீரென்று கேட்கும், பட்டி மொத்தென்று கேட்கும். கார்ப்பெட்டைத் தூக்குங்கள், ஸ்டெப்னி வைக்கும் பள்ளத்தைப் பாருங்கள். இன்னொன்று, ஆர்சியில் அது சலூன், அதாவது கூரை மூடிய கார், என்றுதான் இருக்கும். அனுமதி இல்லாமல் கூரையை அறுத்தது மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவின்படி தப்பு, பதிவைப் புதுப்பிக்கக் கொண்டு போனால் இன்ஸ்பெக்டர் நிறுத்திவிடுவார். மூன்றே கால் லட்சம் பெறாது. உதிரிபாகத்துக்கு முப்பதாயிரம் தரலாம், ஓட்டுவதற்கு என்றால் சும்மா கொடுத்தாலும் வேண்டாம்.

வண்டி தாத்தா பெயரில் இருக்கிறது, அவர் இறந்து பத்து வருஷம் ஆகிறது. பேரன் விற்கிறார். (அம்பாசமுத்திரம்)

முதலில் வாரிசுச் சான்றிதழ், மற்ற வாரிசுகளின் சம்மதம், பிறகு படிவம் 31 போட்டு வாரிசு பெயருக்கு மாற வேண்டும். அதன் பிறகுதான் 29, 30 போட்டு உங்கள் பெயருக்கு. இதை முடிப்பது விற்கிறவர் வேலை, முடியும் வரை அட்வான்ஸ் ஐயாயிரத்துக்கு மேல் தராதீர்கள். சேசிஸ் நம்பரைப் பென்சில் பிரிண்ட் எடுத்து ஆர்சியோடு ஒத்துப் பாருங்கள்.

ஹெரால்டில் மாருதி எஞ்சின் ஏற்றலாமா? (கோவில்பட்டி)

வேண்டாம். அதற்கும் ஆர்.டி.ஓ. அனுமதி வேண்டும், பழைய வண்டி என்ற மதிப்பும் போய்விடும்.

சான் ஸ்டார்ம் ஸ்போர்ட்ஸ் கார் ஃபைபர் பாடிதானே, துருப் பயம் இல்லையே? (பாளையங்கோட்டை)

பாடி ஃபைபர், அடியில் இருக்கும் சட்டம் இரும்பு. மேலே துரு தெரியாததால் அடியில் யாரும் பார்ப்பதில்லை, அதனால் நீங்கள் அவசியம் படுத்துப் பாருங்கள். கதவுக் கீல், சீட் பெல்ட் போல்ட் போகும் இடங்களில் ஃபைபர் நட்சத்திரம் மாதிரி வெடித்திருக்கிறதா என்றும் கவனியுங்கள். எஞ்சின் 1149 சிசி ரெனால்ட், நல்ல எஞ்சின்தான், ஆனால் சாமான் தேடி அலைய வேண்டும். லென்ஸ், கண்ணாடி, கைப்பிடி எல்லாம் முழுசாக இருக்கும் வண்டியாகப் பார்த்து வாங்குங்கள்.

ஸ்ரீவைகுண்டத்தில் ஒரு வண்டி, 2023 டிசம்பர் வெள்ளத்தில் நின்றது. மலிவாகத் தருகிறார்கள்.

காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் கொட்டிய மழை அது. கதவு அட்டையைக் கழற்றிப் பாருங்கள், உள்ளே ஆற்று வண்டல் படிந்திருக்கும். சில்லுக்குள்ளும் அதே வண்டல்தான், ஈரத்தைப் பிடித்து வைத்து உள்ளிருந்தே அரிக்கும். வயரிங் புதுசாக இழுத்துவிடலாம், அது பெரிய செலவில்லை. சில் போயிருந்தால் விட்டுவிடுங்கள்.

எத்தனால் கலந்த பெட்ரோல் பழைய வண்டியைக் கெடுக்குமா? (தென்காசி)

கெடுக்கும். இருபது சதம் எத்தனாலுக்குப் பழைய ரப்பர் ஹோஸ், பெட்ரோல் பம்ப்பின் டயஃப்ரம், கார்ப்பரேட்டர் கேஸ்கெட் தாங்காது. எத்தனால் ஈரத்தை இழுக்கும் என்பதால் நிறுத்தி வைத்த வண்டியின் டாங்க்கும் துருப்பிடிக்கும், குற்றாலச் சாரல் காற்றடிக்கிற ஊரில் கேட்கவே வேண்டாம். இப்போதைய இன்ஜெக்‌ஷன் வண்டிக்குப் போடுகிற ஹோஸாக மாற்றுங்கள், ஒரு மாசத்துக்கு மேல் நிறுத்துவதாக இருந்தால் டாங்க்கை வடித்துவிடுங்கள். பெட்ரோல் வாடை வந்தால் அன்றைக்கே பாருங்கள், இந்த வண்டிகள் ஹோஸ் வெடித்துத்தான் எரிகின்றன.

மொத்தச் செலவு எவ்வளவு ஆகும்? (மேலப்பாளையம், இன்னும் மூன்று பேர்)

ஒன்றரை லட்சத்துக்கு வாங்கும் ஹெரால்டுக்கு டிங்கரிங், பெயின்ட், எஞ்சின், டயர், சீட் எல்லாம் சேர்த்து இன்னும் நாலைந்து லட்சம் வைத்துக்கொள்ளுங்கள். பட்டறைக்காரர் ஆறு மாசம் என்றால் இரண்டு வருஷம். பணம் கையில் இல்லாமல் வண்டியை மொத்தமாகப் பிரித்துப் போடாதீர்கள். பிரேக்கை முடித்துவிட்டு அடுத்ததைத் தொடுங்கள்.

ஐம்பது வருஷம் ஆன வண்டிக்குத் தனிப் பதிவு உண்டாமே?

உண்டு, 2021-ல் வந்த விதி. புதிதாகப் பதிய 20,000 ரூபாய், பத்து வருஷத்துக்குச் செல்லும், நம்பரில் விஏ என்று வரும். ஏற்கெனவே பதிவான வண்டி பழைய நம்பரையே வைத்துக்கொள்ளலாம். ஆனால் தினசரி ஓட்ட முடியாது, கண்காட்சி, ரேலி, பெட்ரோல் போட, ரிப்பேருக்கு என்று மட்டும்தான். டவுனுக்கு வேலைக்குப் போக இதை வாங்குகிறவர் சாதாரணப் பதிவையே புதுப்பித்துக்கொள்ளட்டும்.