சம்பவ இடத்திலிருந்து சாட்சிக் கூண்டு வரை: மகளுக்குத் தடயவியல் சரிப்படுமா?

வணக்கம் அம்மா. உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். மகள் தடயவியல்தான் படிப்பேன் என்று ஒற்றைக் காலில் நிற்கிறாள். பிணமும் ரத்தமுமாக இருக்கிற வேலை இவளுக்கு எதற்கு என்று உங்களுக்குத் தூக்கமில்லை. பிணத்தைப் பற்றிய பயத்தை முதலில் இறக்கி வைத்துவிடுங்கள். தடயவியல் ஆய்வகத்தில் வேலை பார்ப்பவர்களில் பலர் சடலத்தைப் பார்ப்பதே இல்லை. பிரேதப் பரிசோதனை செய்வது மருத்துவர். அதற்கு மருத்துவம் படித்துவிட்டு வர வேண்டும், அது தனிப் பாதை.

எனக்குள்ள கேள்வி வேறு. உங்கள் மகளுக்குப் பொறுமையாக உட்கார்ந்து எழுத வருமா?

சிரிக்காதீர்கள். ஒரு கொலை நடந்த இடத்துக்கு முதலில் போகும் காவலர், யாருக்காவது உயிர் இருக்கிறதா என்று பார்ப்பார். அப்புறம் இடத்தைச் சுற்றி நாடா கட்டுவார், உள்ளே போய்வர ஒரே வழி வைப்பார், யார் எத்தனை மணிக்கு வந்தார், போனார் என்று குறிக்கத் தொடங்குவார். எழுத்து வேலை அந்த நிமிடமே ஆரம்பித்துவிடுகிறது. ஒவ்வொரு தடயத்தையும் அளவுகோல் இல்லாமல் ஒரு படம், வைத்து ஒரு படம். ரத்தம் பட்ட சட்டையை உலர்த்திக் காகித உறையில்தான் போட வேண்டும். பிளாஸ்டிக் பையில் ஈரம் தங்கிப் பூஞ்சை பிடித்தால் டிஎன்ஏ சிதைந்துபோகும். உறைமேல் எண், தேதி, நேரம், எடுத்தவர் கையெழுத்து, முத்திரை. கை மாறும் ஒவ்வொரு முறையும் இன்னொரு கையெழுத்து. நடுவில் ஓர் இரவு அந்த உறை எங்கே இருந்தது என்று சொல்ல முடியாமல் போனால், ஆய்வகம் எவ்வளவு துல்லியமாகச் சோதித்திருந்தாலும் எதிர்த்தரப்பு வக்கீல் அந்த ஓர் இரவைப் பிடித்துக்கொள்வார்.

1910இல் பிரான்சின் லியோன் நகர நீதிமன்றக் கட்டடத்தின் மேல்மாடி அறைகளில் எட்மண்ட் லோகார் ஒரு காவல்துறை ஆய்வகத்தைத் தொடங்கினார். ஓர் இடத்துக்குப் போகிறவர் எதையாவது விட்டுவிட்டு வருவார், எதையாவது ஒட்டிக்கொண்டு வருவார் என்பது அவர் கருத்து. என்னிடம் வரும் பிள்ளைகள் எல்லாருக்கும் இது மனப்பாடம். தடயம் எடுக்கப் போகிறவருக்கும் இதே விதிதான் என்பது மட்டும் மறந்துபோகிறது. ஜெர்மனி, ஆஸ்திரியா, பிரான்ஸ் என்று சுமார் 40 குற்ற இடங்களில் ஒரே பெண்ணின் டிஎன்ஏ கிடைத்தது; 2007இல் ஹைல்பிரான் நகரில் ஒரு பெண் காவலர் கொல்லப்பட்ட இடத்திலும் அதுவே. ஆண்டுக்கணக்கில் தேடினார்கள். 2009இல் உண்மை வெளிவந்தது: மாதிரி எடுக்கும் பஞ்சுக் குச்சிகளை உற்பத்திசெய்த இடத்தில் வேலை பார்த்த ஒரு பெண்ணின் டிஎன்ஏ அது. குச்சிகளில் கிருமி நீக்கியிருந்தார்கள், டிஎன்ஏ நீங்கவில்லை.

'குற்றவாளியைப் பிடிக்கணும்' என்று உங்கள் மகள் எழுதியிருக்கிறாள். அவளிடம் இதையும் சொல்லுங்கள். 1984இல் இங்கிலாந்தின் லெஸ்டரில் அலெக் ஜெஃப்ரிஸ் டிஎன்ஏ அடையாள முறையைக் கண்டுபிடித்தார். அது கொலை வழக்கு ஒன்றில் முதன்முதலாகச் செய்த காரியம், ஒருவரை விடுவித்தது. இரண்டு சிறுமிகள் கொலையில், ஒரு கொலையைத் தானே செய்ததாக 17 வயதுப் பையன் ஒப்புக்கொண்டிருந்தான். சோதித்தால் அவன் இல்லை, ஆனால் இரண்டு கொலைக்கும் ஒரே ஆள். உண்மையான கொலையாளிக்கு 1988இல்தான் தண்டனை கிடைத்தது. ஒப்புதல் வாக்குமூலம் கையில் இருக்கும்போதே 'பொருந்தவில்லை' என்று எழுத ஒரு துணிச்சல் வேண்டும். அது இருக்கிறதா என்று மதிப்பெண் பட்டியலைப் பார்த்துச் சொல்ல முடியாது.

சரி, நீதிமன்றத்துக்கு வருவோம். அரசுத் தரப்பு தன் சாட்சிகளை முதலில் நிறுத்தும். முதல் விசாரணை சுலபம், சாட்சியைக் கூப்பிட்ட தரப்பின் வக்கீலே கேட்பார். அடுத்து எதிர்த்தரப்பு வக்கீல் கேட்கும் குறுக்கு விசாரணையில்தான் வியர்க்கும். 'இந்த விரல் ரேகை எப்போது பதிந்தது?' என்பார்கள். கொலை நடந்த அன்றா, ஒரு வாரம் முன்பா? பெரும்பாலும் ரேகையைப் பார்த்து நாள் சொல்ல முடியாது. 'சொல்ல முடியாது' என்று கூண்டில் நின்று நிதானமாகச் சொல்லத் தெரிய வேண்டும். அந்த இடத்தில் கூடுதலாக ஒரு வார்த்தை சொல்லிக் கெட்டவர்கள் உண்டு. நிபுணர் கடமைப்பட்டிருப்பது நீதிமன்றத்துக்கு, தன்னைக் கூப்பிட்ட தரப்புக்கு அன்று. சில நாடுகளில் நீதிபதியே கேள்வி கேட்பார், சில நாடுகளில் பொதுமக்களிலிருந்து எடுத்த ஜூரி என்ற குழு தீர்ப்புச் சொல்லும். எங்கேயானாலும் நியாயமான சந்தேகம் மிஞ்சினால் அதன் பலன் குற்றம் சாட்டப்பட்டவருக்கு. தன் அறிக்கை எடுபட்டதா இல்லையா என்பதுகூடத் தெரியாமல் அடுத்த உறையைப் பிரிக்கிற நாட்கள் உங்கள் மகளுக்கு வரும்.

கூண்டுக்கு வெளியே நின்று கேள்வி கேட்கத்தான் ஆசை என்றால் சட்டம் படிக்கட்டும். ஆட்களிடம் பேசி விஷயம் வாங்கும் திறமை இருந்தால் காவல்துறைப் புலனாய்வு. கைப்பேசி, கணினி என்றால் கணினி அறிவியல். ஆய்வகம்தான் என்று உறுதியாக இருந்தால், இளநிலையில் வேதியியலோ உயிரியலோ எடுத்துவிட்டு மேற்படிப்பில் தடயவியலுக்குப் போவதே என் யோசனை. மனம் மாறினாலும் கையில் ஒரு அடிப்படைப் பட்டம் இருக்கும்.

பணம் கட்டுவதற்கு முன் ஒன்று செய்யுங்கள். உங்கள் வீட்டு அறை ஒன்றை இருபது நிமிடம் பார்த்து, இருப்பதை எல்லாம் அவள் எழுதட்டும். தாளை வாங்கி வைத்துவிட்டு, இரண்டு நாள் கழித்து அதில் எழுதாத ஒன்றைக் கேளுங்கள். 'ஜன்னல் திறந்திருந்ததா?' 'தெரியாது, நான் குறிக்கவில்லை' என்றாள் என்றால் எனக்கு எழுதுங்கள், எந்தக் கல்லூரி என்று பேசுவோம். 'மூடித்தான் இருந்திருக்கும்' என்றாலும் எழுதுங்கள். அப்போது அவளிடம் நான் கொஞ்சம் பேச வேண்டியிருக்கும்.