காட்டோரத்துப் பந்தம்

வணக்கம் அண்ணா,

எங்கள் ஊர் வன்னியில் நெடுங்கேணிப் பக்கம். என் அம்மம்மா கார்த்திகை விளக்கீட்டுக்குக் கிணற்றடி, மாட்டுப்பட்டி, கொம்பறை, வயல் வரம்பு என்று எல்லா இடத்திலும் பந்தம் நட்ட பிறகு, காட்டோரமாக ஒன்று கூடுதலாக நடுவா. "அது அந்தப் பெடியனுக்கு" என்பா. ஜப்பான் சண்டைக் காலத்தில் வெள்ளைக்காரரின் பிளேன் ஒன்று எங்கள் காட்டுப் பக்கம் தாழ்ந்து போனதாம், பிறகு எழும்பவில்லையாம். அம்மம்மாவுக்கு அப்போது பத்து வயது இருக்கும். சில நாள் கழித்துப் பட்டாளத்துக்காரர் வந்து விசாரித்தார்களாம். ஓட்டினது சின்னப் பெடியன் என்று அவர்கள்தான் சொன்னார்களாம். ஆள் கிடைத்தானா என்று அம்மம்மாவுக்குத் தெரியாது. "ஆக்களில்லாத இடத்தில விழுந்த பிள்ளை, ஒரு வெளிச்சமாவது இருக்கட்டும்" என்று வருஷா வருஷம் நட்டுக்கொண்டு வந்தா.

2007இல் கிபிர் விமானத்தின் குண்டடியில் என் அக்கா போய்விட்டா. பள்ளிக்கூடம் போகிற வயது. அந்தக் கார்த்திகையில் அம்மா அந்தப் பந்தத்தைப் பிடுங்கி எறிந்துவிட்டு, "பிளேன் ஓட்டினவனுக்கு என்ர வளவில வெளிச்சமில்லை" என்றா. அம்மம்மா மறுத்துப் பேசவில்லை. 2009இல் செட்டிகுளம் முகாமில் இறந்துபோனா.

இப்போது அதே காணியில் நானும் என் மகளும் அம்மாவும் இருக்கிறோம். எனக்கு அந்தப் பந்தத்தைத் திரும்ப நட வேண்டும் போலிருக்கிறது. அது அக்காவுக்குச் செய்கிற துரோகமா? அந்தப் பெடியனின் பெயரையாவது கண்டுபிடிக்க வழி உண்டா?

*

அன்புள்ள தங்கச்சிக்கு,

உங்கள் கடிதம் வந்து மூன்று கிழமையாகிறது. இரண்டு தடவை எழுதத் தொடங்கி நிறுத்திவிட்டேன். அம்மா சொன்ன அந்த ஒரு வசனத்தைத் தாண்டிப் போக முடியவில்லை. அதற்கு எதிராக நான் எதையும் சொல்லப்போவதில்லை.

வன்னியில் இருந்த எங்களுக்கு விமானத்தைக் காதால்தான் தெரியும். ஹெலி வருவது தூரத்திலேயே கேட்கும். சியாமாசெட்டிக் குண்டுவீச்சு விமானம் இரைந்து இரைந்து சுற்றும், பங்கருக்குள் ஓட நேரம் கிடைக்கும். 1996இல் கிபிர் வந்த பிறகு அந்த நேரமும் இல்லாமல் போயிற்று. வேவு பார்க்கிற ஆளில்லா விமானம், நாங்கள் வண்டு என்போம், இரவிரவாக இரைந்தால், விடிந்ததும் எந்தப் பக்கம் விழப்போகிறதோ என்று நித்திரை வராது. நான் படிப்பித்த பள்ளிக்கூடத்தில் ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் கரும்பலகையைப் பார்த்தபடியே காதை வானத்தில் வைத்திருந்தார்கள். கொப்பியில் ஓடிக்கொண்டிருந்த கைகள் சட்டென்று நின்றால் எனக்கும் விளங்கிவிடும். போன வருஷம் ஒரு கல்யாண வீட்டில், யாரோ இரும்புக் கதிரைகளை இழுத்த சத்தத்துக்கு ஒரு பெரிய மனிதர் தலையைப் பிடித்துக்கொண்டு நிலத்தில் குந்திவிட்டார். ஒருவரும் சிரிக்கவில்லை. பக்கத்தில் நின்ற பெண் அவருடைய முதுகைத் தடவிவிட்டார்.

இவ்வளவு காலத்திலும் நாங்கள் "கிபிர் அடிச்சுப்போட்டுது" என்றுதான் சொன்னோம். உள்ளே இருந்தவனைப் பற்றிப் பேசியதே இல்லை. உங்கள் வீட்டுப் பெண்கள் இரண்டு பேர் பேசியிருக்கிறார்கள். அம்மம்மாவும் ஓட்டினவனைத்தான் நினைத்தார், அம்மாவும் ஓட்டினவனைத்தான் நினைக்கிறார். இரண்டு பேருமே அங்கே ஒரு இயந்திரத்தைப் பார்க்கவில்லை, ஒரு தாயின் பிள்ளையைப் பார்க்கிறார்கள். ஒருவருக்கு அதனால் இரக்கம் வந்தது. மற்றவருக்கு அதனாலேயே ஆறாத கோபம் வந்தது. ஒரு மனிதன் தெரிந்துதானே அந்தப் பொத்தானை அமத்தினான் என்ற கோபம். இரண்டும் உண்மை என்றுதான் எனக்குப் படுகிறது.

சரி, அந்தப் பெடியன் யாராக இருக்கலாம் என்று பார்ப்போம்.

ஜப்பான் சண்டை என்றால் எல்லோருக்கும் 1942 ஏப்ரல்தான் நினைவுக்கு வரும். ஏப்ரல் 5, உயிர்த்த ஞாயிறன்று ஜப்பானிய விமானங்கள் கொழும்பைத் தாக்கின. 9ஆம் திகதி திருகோணமலையைத் தாக்கின. சீனக்குடாவிலிருந்து பிரித்தானிய விமானப்படையின் 261ஆவது படையணி ஹரிகேன் சண்டை விமானங்களில் எழும்பியது. எழும்பியவற்றில் பல திரும்பி வரவில்லை. அதே நாளில் மட்டக்களப்புக் கடலில் ஹெர்மிஸ் என்ற விமானந்தாங்கிக் கப்பல் மூழ்கி 307 பேர் இறந்தார்கள். உங்கள் அம்மம்மா கண்டது அந்த நாளில் விழுந்த ஒரு ஹரிகேனாகவும் இருக்கலாம். ஆனால் நான் அப்படி நினைக்கவில்லை. சண்டை நடந்தது திருகோணமலைக்கு மேலேயும் அதன் கடலிலும். நெடுங்கேணிக் காடு அங்கிருந்து தூரம்.

வவுனியாவில் பிரித்தானியர் ஒரு விமானத்தளம் வைத்திருந்தார்கள். 1943, 44 ஆண்டுகளில் 22, 217 ஆகிய படையணிகளின் போஃபோர்ட் விமானங்களும் 89ஆவது படையணியின் போஃபைட்டர் இரவுச்சண்டை விமானங்களும் அங்கிருந்து பறந்தன. வங்கக்கடல் பக்கம் போகிற விமானம் உங்கள் காட்டுக்கு மேலால் போவது இயல்பு. பட்டாளத்துக்காரர் வந்து விசாரித்ததும் இதோடு பொருந்துகிறது, வவுனியா பக்கத்தில்தானே. அந்த ஆண்டுகளில் எங்கள் வானத்தில் பெரிய சண்டை நடக்கவில்லை. அப்படியென்றால் அவன் இரவுப் பறப்பிலோ, மாரி முகிலிலோ, எஞ்சின் நின்றோ விழுந்திருப்பான். அந்தப் போரில் இறந்த விமானிகளில் கணிசமானவர்கள் பயிற்சியிலும் விபத்திலுமே போனவர்கள். அவன் யாரையும் கொல்லாமலே செத்துப்போயிருக்கவும் கூடும். உங்கள் கேள்விக்கு இது ஏதாவது உதவுமா என்று யோசித்தேன். இதைச் சொல்லி அவனுக்கு நற்சான்றிதழ் கொடுக்க எனக்கு விருப்பமில்லை. அம்மம்மாவும் அவன் நல்லவனா என்று கேட்டுவிட்டுப் பந்தம் நடவில்லை.

இன்னொன்று. ஹரிகேனில் ஒருவர்தான் இருப்பார். போஃபைட்டரில் இரண்டு பேர், போஃபோர்ட்டில் நான்கு பேர். விழுந்தது வவுனியா விமானமென்றால் அந்தக் காட்டில் ஒரு பெடியன் மட்டும் விழவில்லை. ஓட்டினவன் ஒருவனைத்தான் உங்கள் ஊர் நினைவில் வைத்திருக்கிறது.

பெயர் தேட வழி உண்டு. லண்டன் கியூவில் இருக்கிற தேசிய ஆவணக் காப்பகத்தில் ஒவ்வொரு படையணியின் அன்றாடப் பதிவேடும் இருக்கிறது. எந்த விமானம், உள்ளே யார் யார், எத்தனை மணிக்கு எழும்பியது, எத்தனை மணிக்கு இறங்கியது என்று அதில் எழுதியிருப்பார்கள். பொதுநலவாயப் போர்க் கல்லறைகள் ஆணைக்குழுவின் இணையத்தளத்தில் இறந்தவர்களின் பட்டியலைக் காசு கட்டாமல் தேடலாம். உடல் கிடைத்திருந்தால் திருகோணமலையிலோ கண்டியிலோ உள்ள போர்க்கல்லறையில் இருக்கக்கூடும். கிடைக்காதவர்களின் பெயர்கள் சிங்கப்பூரில் கிராஞ்சி என்ற இடத்து நினைவுச் சுவர்களில் வெட்டப்பட்டிருக்கின்றன. ஆசியாவிலும் சுற்றியுள்ள கடல்களிலும் தொலைந்துபோன 24,000க்கும் அதிகமானவர்களின் பெயர்கள் அங்கே உண்டு.

நிலாவெளி வீதியில் உள்ள திருகோணமலைக் கல்லறைக்கு நான் ஒருமுறை போயிருக்கிறேன். புல் வெட்டி, பூஞ்செடி வைத்து, ஒவ்வொரு கல்லும் ஒரே உயரம். அதிகாரிக்குப் பெரியது, சிப்பாய்க்குச் சிறியது என்று இல்லை. பெயருக்குக் கீழே இருபது, இருபத்திரண்டு என்று வயதுகள். ஒரு மணித்தியாலம் நின்றேன். அந்தப் பிள்ளைகளுக்காகவும்தான் நின்றேன், ஆனால் உண்மையைச் சொல்ல வேண்டும், கிளிநொச்சியின் கனகபுரம் மாவீரர் துயிலும் இல்லத்தை நினைத்துக்கொண்டும் நின்றேன். அங்கேயும் எங்கள் பிள்ளைகளுக்கு ஒரே உயரத்தில் கற்கள் இருந்தன. உடல் கிடைக்காதவர்களுக்கும் பெயர் எழுதி ஒரு கல் வைத்திருந்தோம். எல்லாம் உடைத்துக் கிளறப்பட்டன. 2016 கார்த்திகையில் சனம் பற்றை வெட்டி, உடைந்த துண்டுகளை ஒன்றாகக் குவித்து, அதற்கு முன்னால் விளக்கேற்றியது. எந்தத் துண்டு யாருடையது என்று ஒரு தாய்க்கும் தெரியவில்லை. தங்கள் பிள்ளைகளின் கற்களை எண்பது வருஷமாகப் பேணுகிறவர்கள் மேல் எனக்குப் பொறாமை வந்தது. கோபம் வரவில்லை.

கிளிநொச்சிக் கந்தசுவாமி கோயிலடியில் 2017 பெப்ரவரி 20ஆம் திகதி தாய்மார் காணாமல் ஆக்கப்பட்ட பிள்ளைகளின் படங்களோடு போராட்டத்தில் குந்தியதை நீங்கள் அறிவீர்கள். அவர்களில் எத்தனை பேர் பிள்ளை எங்கே என்ற பதில் கிடைக்காமலே கண்ணை மூடிவிட்டார்கள். எங்களுடைய பிள்ளைகள் ஆட்களின் கைகளில் காணாமல் ஆக்கப்பட்டவர்கள், அந்தப் பெடியன் காட்டுக்குள் விழுந்து தொலைந்தவன், இரண்டும் ஒன்றல்ல. ஆனால் ஏதோ ஒரு நாட்டில் அவனுடைய தாயும் வாசலைப் பார்த்துக்கொண்டு இருந்திருப்பாள். தன் பிள்ளைக்காக நெடுங்கேணிக் காட்டோரத்தில் ஒரு மனுசி வருஷா வருஷம் நெருப்பு ஏற்றியது அவளுக்குத் தெரியாது. எங்கள் பிள்ளைகள் எந்தக் காட்டில், எந்தக் கரையில் கிடக்கிறார்களோ, அங்கேயும் அப்படி ஒருத்தி இருக்க மாட்டாளா என்று நான் எத்தனையோ இரவு நினைத்திருக்கிறேன்.

ஆகவே நடுங்கள். அது அக்காவுக்குத் துரோகம் இல்லை. அந்தப் பெடியனுக்கு வெளிச்சம் வைப்பதால் பள்ளிக்கூடப் பிள்ளைகளின் மேல் குண்டு போட்டவனை மன்னித்துவிட்டீர்கள் என்று ஆகாது. அதற்கு விசாரணை வேண்டும், பதில் வேண்டும், அதை நீங்கள் கேட்டுக்கொண்டே இருக்கலாம்.

ஆனால் அம்மாவைச் சம்மதிக்கவைக்கப் பார்க்காதீர்கள். அவருக்குத் தெரியாமல் ஒளித்தும் செய்யாதீர்கள். முதலில் அக்காவுக்கு ஒரு பந்தம் கட்டி அதை அம்மாவின் கையில் கொடுங்கள், அவர் விரும்பிய இடத்தில் நடட்டும். அது எரிந்து முடிந்த பிறகு நீங்களும் மகளும் காட்டோரத்துக்குப் போங்கள். கார்த்திகையில் விளக்கேற்றினால் யாருக்கு என்று ஆமி வந்து கேட்ட வருஷங்கள் உண்டு. இனியும் யாராவது கேட்டால், அம்மம்மா சொன்னதையே சொல்லுங்கள்.

அம்மாவிடம் ஒரு நல்ல நேரம் பார்த்து ஒன்று கேட்டு எழுதுங்கள். அம்மம்மா அந்தப் பிளேனைப் பற்றிச் சொன்னபோது எஞ்சின் ஒன்றா இரண்டா என்று எப்போதாவது சொன்னாரா? மாரியா, கோடையா? பகலா, இரவா? இவ்வளவும் தெரிந்தால் லண்டனில் இருக்கிற ஒரு நண்பரைக் கியூவுக்குப் போய்ப் பார்க்கச் சொல்வேன். ஒருவரா, இருவரா, நால்வரா என்பது அப்போது தெரியும். இந்த விளக்கீட்டுக்கு அம்மம்மா நட்டபடி ஒன்றே நடுங்கள்.